மேடைக்கு வெளியே இருநூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம்

சோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நால்வருக்கும்,

உங்களுக்கு ஊக்கமூட்டும்படி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஊக்கம் என்னிடம் இருப்பில் இல்லை. ஆறு ஆண்டுகளில் நான் செய்த தவறுகள் பதினேழு இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தருகிறேன். மீதிப் பதினாறை நீங்களே செய்துகொள்வீர்கள். அந்த அளவுக்கு உங்கள் மீது எனக்கு நம்பிக்கை உண்டு.

என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. இதே அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில், நேர ஆய்வுப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். ஒரு தொழிலாளி ஒரு மரையை முடுக்க எத்தனை நொடி எடுக்கிறார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அளப்பது என் வேலை. எவ்வளவு விரும்பப்பட்டேன் என்றால், அந்த முப்பத்தொரு ஆண்டில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் என் பிரிவு. ஓய்வு பெற்று ஆவடி வீட்டில் உட்கார்ந்து குக்கர் விசிலை உரக்க எண்ணத் தொடங்கிய மூன்றாவது வாரம், என் மனைவியே எனக்கு வேலை தேடிவிட்டாள்.

நேர்முகத் தேர்வில் ஒரு சிறு படத்துண்டைக் காட்டி, பாத்திரம் குதித்ததிலிருந்து தரையைத் தொடும் வரை எத்தனை ஃப்ரேம் என்று கேட்டார்கள். ஒரு நொடியை அறுபதாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு ஃப்ரேம். எனக்கு முன் வந்த இளைஞர்கள் இருபதைத் தாண்டியதும் கைபேசியைப் பார்த்துவிட்டார்களாம். நான், "நாற்பத்து மூன்று. ஆனால் இருபத்தேழாவது ஃப்ரேமில் இடது கால் செருப்பு காணாமல் போகிறது" என்றேன். வேலை கிடைத்தது. செருப்பைத் திருத்த மூன்று மாதம் ஆயிற்று.

நம் வீடியோ விளையாட்டு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், தெரியும் என்று சொன்னவர்களிடம் கேட்டுப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தரத்தில் தொங்கும் ஒரு மேடை. பாதி கட்டி விட்டுப்போன மேம்பாலம்தான் மேடை. இந்தப் பகுதியில் அதற்கு மாதிரி தேடி வரைபவர்கள் அலையவே இல்லை. இரண்டு பேர் அதன்மேல் நின்று அடித்துக்கொள்கிறார்கள். அடிபட அடிபட ஆள் தூரமாகப் பறக்கிறார். மேடைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டவர் காற்றில் நீந்தி, குதித்து, எதையாவது பிடித்துத் திரும்பி வர வேண்டும். வராமல் கீழே போனால் ஓர் உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். இப்படித் திரும்பி வருவதை நீங்கள் ரெகவரி என்கிறீர்கள். நான் மீட்சி என்று எழுதுவேன். ஆறு ஆண்டாக எழுதுகிறேன். இன்னொருவர் எழுதி இதுவரை பார்க்கவில்லை.

இனி, நான் வந்த ஆண்டில் நடந்த ஒரு மதியச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும்.

நம் அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையும் ஆட்ட மேசையும் ஒன்றே. தோற்றவர் எழுந்து கன்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். ஒருநாள் நம் முதலாளி ஆடிக்கொண்டிருந்தார். முதலாளி என்றால் அவருக்குப் பிடிக்காது, ஃபவுண்டர் என்பார். என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் என்ற முறையில் எனக்கு அவர் முதலாளிதான். அவர் பாத்திரம் மேடைக்கு வெளியே விழுந்து, திரும்பி வந்தது. எதிரே இருந்தவர் ஒலிப்பதிவுக்காரர். விளிம்பில் நின்றுகொண்டு, வந்தவரை அடித்தார். மறுபடி வந்தார், மறுபடி அடித்தார். பதினொரு முறை. நான் எண்ணினேன். பன்னிரண்டாவது முறை கன்ட்ரோலர் பறந்தது. அது சாம்பார் பாத்திரத்தில் இறங்கியதில் எனக்குத் தெரிந்து நான்கு சட்டைகள் பாழாயின.

மறுநாள் வெள்ளைப் பலகையில் பச்சை மையில் ஒரு வரி இருந்தது: "மேடைக்கு வெளியே இருப்பவரைத் தொடக் கூடாது." ஒலிப்பதிவுக்காரர் அந்த மாதமே மேலான வாய்ப்பைத் தேடிச் சென்றார்.

அதற்குப் பிறகு யாராவது வெளியே விழுந்தால் எதிராளி ஒதுங்கி நிற்பார். இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொள்வார், தண்ணீர் குடிப்பார். விழுந்தவர் சாவகாசமாக ஏறி வந்து இரண்டு காலையும் ஊன்றியதும் ஆட்டம் தொடரும். அவ்வளவு பண்பு. ஓராண்டில் பலகை எழுத்து அழிந்துவிட்டது; வழக்கம் அழியவில்லை. புதிதாக வந்தவர்கள் அதை ஒரு விதி என்றே அறியாமல் கற்றுக்கொண்டார்கள். நானும் மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் இதை மட்டும் எண்ணவில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒன்பது பாத்திரங்கள் தயாராயின. வெளியிடும் நிறுவனம் எட்டு போதும் என்றது. ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று கூட்டம் போட்டு நான்கு மணி நேரம் பேசினார்கள். எல்லோரும் மற்றவர் செய்ததை எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒருவர், "சார் அளந்து சொல்லட்டும்" என்றார். தங்களால் முடிவெடுக்க முடியாதபோது மக்களுக்கு எண்களின் மீது வரும் மரியாதையை நான் அங்கேயும் பார்த்திருக்கிறேன், இங்கேயும் பார்த்திருக்கிறேன்.

அளந்தேன். காற்றில் எவ்வளவு தூரம் போகிறார், எவ்வளவு உயரம், எத்தனை முறை குதிக்கலாம், போகும் திசையை மாற்ற எத்தனை ஃப்ரேம், மொத்தம் எவ்வளவு நேரம் மிதக்கிறார் என ஐந்து பத்திகள். ஒன்பது பாத்திரம், ஒவ்வொன்றையும் நாற்பது முறை. ஆக ஆயிரத்து எண்ணூறு அளவுகள். பன்னிரண்டு வேலை நாள். கட்டைவிரல் வீங்கியது, காப்பீட்டில் அது வராது என்றார்கள்.

முதலிடம் குடைக்காரி. அவள் முதலாளியின் சொந்தப் படைப்பு. வெளியே விழுந்தால் குடையை விரித்து இருநூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம் மிதப்பாள். முப்பத்தொரு கட்டம் தூரம். ஆறே ஃப்ரேமில் திசை திரும்புவாள். பார்க்க அவ்வளவு அழகு.

கடைசி இடம் கிரைண்டரக்கா. பூந்தமல்லியிலிருந்து வரும் நசீமா செய்தது. அனிமேஷன் செய்யும் அசைவுக் கலைஞர், ஓராண்டு ஒப்பந்தம், அந்த ஆண்டு முழுக்க அவர் செய்தது இந்த ஒரு பாத்திரம்தான். மாவுக்கடைக்கார அம்மா, கையில் கயிறு கட்டிய கிரைண்டர் குழவி. வெளியே விழுந்தால் குழவியோடு குழவியாகக் கீழே போவார். நாற்பத்தோரு ஃப்ரேம்தான் கணக்கு. அதற்குள் குழவியை மேலே வீசி விளிம்பில் மாட்டி, ஒரே இழுப்பில் ஏறினால் உண்டு. தூரம் ஒன்பது கட்டம். திசை திரும்ப இருபத்திரண்டு ஃப்ரேம், அதாவது திரும்பமாட்டார்.

அட்டவணையின் கடைசிப் பத்தி "குறிப்பு". எட்டுப் பேருக்கு அதைக் காலியாக விட்டேன். கிரைண்டரக்காவுக்கு நேராக மட்டும் ஒரு சொல் எழுதினேன்: "நீக்கலாம்."

அட்டவணையை எங்கள் தலைமைச் சோதனையாளரிடம் கொடுத்தேன். நூம்பலிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், இருபத்தொன்பது வயது, சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பெயர் எழுத மாட்டேன். எழுதினால் புகழ்ந்தேன் என்று மற்றவர்களுக்கு வருத்தம் வரும். முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதிர்ல யாரு சார் இருந்தாங்க?"

"அளவு எடுக்கும்போது எதிரில் ஆள் எதற்கு?"

"சும்மா கேட்டேன் சார்" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை வெளியாளுங்களை வெச்சு ஒரு தடவை ஆடவிட்டுப் பாக்கலாமா? ஃபார்மாலிட்டிதான்" என்றார்.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை முதலாளி முடிவை அறிவித்தார். தன் பிள்ளை வகுப்பில் முதலிடம் வாங்கிய தகப்பனின் முகம் அவருக்கு. திங்கள் மாலை பட்டியல் வெளியீட்டாளருக்குப் போக வேண்டும். நசீமாவிடம் மனிதவளப் பிரிவு தனியறையில் ஏழு நிமிடம் பேசியது. பாத்திரம் இல்லை, எனவே ஒப்பந்தமும் நீளாது. வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே நான்கு மேசைகள். நான் எழுந்து போகவில்லை. வருத்தமாக இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நாகரிகம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாகரிகம் அலுவலகத்தில் எல்லோருக்கும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மடிக்கணினியோடு குமணன்சாவடிக்கு என்னை அனுப்பினார்கள். மற்ற எல்லோருக்கும் வேலை இருந்ததாம். வானகரம் சாலையில் வேகத்தடை பதினான்கு. பள்ளங்களை எண்ணுவதை அறுபதில் நிறுத்திக்கொண்டேன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு கைபேசிக் கடை. பின்னறையில் இரண்டு திரை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. கடைக்காரர் பாபு. அவருடைய நிரந்தர எதிரி தாஸ். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மதிய ஆர்டர் முடிந்ததும் முதுகுப் பையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்துவிடுவாராம்.

தாஸ் திரையைப் பார்த்தார். "இன்னா மாமே இது, மாவுக்கடை அக்கா மாரி கீது? எனக்கு இவங்கதான். நீ அந்தக் கொடைய எட்த்துக்கோ."

முதல் நிமிடத்திலேயே குடைக்காரி வெளியே பறந்தாள். பாபு குடையை விரித்தார். அவள் அழகாக மிதந்து வந்தாள். தாஸ் விளிம்புக்கு வந்து நின்றார். அடுத்து அவர் செய்ததைப் பார்த்து என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"தம்பி, அடிக்கக் கூடாது! அவங்க வெளியே இருக்காங்க!"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா நைனா. அதான அட்ச்சிகினு கீறேன்."

"மேல வந்து நின்ன பிறகுதான் அடிக்கணும்."

"இன்னாத்துக்கு?"

யோசித்தேன். எத்தனை ஃப்ரேம் யோசித்தேன் என்று தெரியவில்லை. "எங்க ஆபீஸ்ல அப்படித்தான்" என்றேன்.

பாபு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தாஸ் சிரிக்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். "அப்ப உங்க ஆபீஸ்ல எப்டி நைனா சாவாங்க?"

நான் நோட்டைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

இருபது ஆட்டம். பத்து முடிந்ததும் ஆளை மாற்றினேன், திறமையின் கோளாறாக இருக்கலாம் என்று. இல்லை. யார் எடுத்தாலும் குடைக்காரி பத்தில் ஒன்பது தோற்றாள். அறுபத்து நான்கு முறை வெளியே போனாள். உயிரோடு திரும்பியது ஏழு முறை. கிரைண்டரக்கா ஐம்பது முறை வெளியே போய் முப்பத்தொரு முறை திரும்பினார்.

"இதுல இன்னா நைனா அதிசயம்?" என்றார் தாஸ். "அந்தக் கொட ஆகாசத்துல கல்யாண ஊர்வலம் வந்துகினு கீது. எங்க வரும், எப்போ வரும், ஊருக்கே தெரியும். நான் ஒரு டீ சாப்ட்டு வந்துகூட அடிப்பேன். அக்கா அப்டியா? படக்னு கீழ, படக்னு மேல. அடிக்க எங்க டைம் குட்த்தாங்க?"

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நாளில் ஆயிரத்து எண்ணூறு முறை அளந்தவனுக்குத் தெரியாதது, முதுகில் பிரியாணிப் பையோடு இருந்தவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது. நான் இருநூற்றுப் பன்னிரண்டு என்று பெருமையாக எழுதியது அவள் மிதக்கும் நேரம் மட்டும் அல்ல. அவள் அடிவாங்கத் தயாராக இருக்கும் நேரமும் அதுவே. மூன்றரை நொடி. நாற்பத்தொன்று குறை அல்ல, காப்பு. என் அட்டவணையில் ஓர் எண்கூடத் தவறில்லை என்பதுதான் வேதனை. ஒன்று தவறாக இருந்திருந்தால் திருத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.

கடை வாசலில் நின்று தலைமைச் சோதனையாளருக்குப் பேசினேன். இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"நம்பர்லாம் கரெக்ட்தானே சார்?"

"எல்லாம் கரெக்ட்."

"அப்ப எது தப்பு?"

"மத்தியானச் சாப்பாடு தப்பு" என்றேன்.

நம் மேசை வழக்கத்தை விளக்கினேன். பிறகு, "எனக்குச் சேர்ந்த அன்னிக்கே தோணுச்சு சார். இது என்ன ஆட்டம், விழுந்தா எல்லாரும் வழி விடறாங்கன்னு. புதுசா வந்து எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். எல்லாரும் சாப்டுட்டு வேற இருந்தீங்க" என்றார்.

புதியவர்களே, இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். வந்த முதல் வாரத்தில் உங்களுக்கு விநோதமாகத் தெரிபவற்றை அந்த வாரமே எழுதி வையுங்கள். இரண்டாவது மாதம் அவை கண்ணுக்குத் தெரியாது. நான்காவது மாதம் அவற்றை நீங்களே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள்.

பேருந்தில் திரும்பும்போது, பேசாமல் இருந்துவிடலாமே என்று பதினான்கு வேகத்தடைகளுக்கும் ஒரு முறை தோன்றியது. மறைக்க மாட்டேன். கேட்டால் வெள்ளிக்கிழமை ஆட்டம் சம்பிரதாயத்துக்கு என்று சொல்லலாம். அட்டவணை போய்ச் சேர்ந்துவிட்டது, முடிவு முதலாளியுடையது, எண்கள் சரி. முப்பத்தொரு ஆண்டில் என் அளவை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது முறையும் ஓய்வு பெறலாம். ஆனால் நாலு மேசை தள்ளி ஒருவர் மூன்று நாளாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், நான் எழுதிய ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லை எழுத எனக்கு மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

முதலாளியிடம் போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்று தெரியும். "ஒரு கடையில ரெண்டு பேர் ஆடினதை வெச்சு முடிவை மாத்த முடியாது சார்" என்பார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பண்பான வழக்கம் அவர் பொருட்டுப் பிறந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொன்னவர் இன்றுவரை எவரும் இல்லை. காகிதத்தை நீட்டினால் காகிதத்தைத்தான் பார்ப்பார். ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குமணன்சாவடிக்குப் போனேன். தாஸோடு நாற்பத்து மூன்று ஆட்டம் ஆடினேன். நான்கு ஜெயித்தேன். அதில் ஒன்று, அவர் பாதியில் ஆர்டர் கொடுக்கப் போனபோது.

"நைனா, உனக்குக் கையி ஸ்லோ. ஆனா ஒண்ணு சொல்றேன், எண்றியே, அத்த மட்டும் வுடாத" என்றார்.

விடவில்லை. குடை விரிந்ததிலிருந்து நூற்று முப்பத்தொன்றாவது ஃப்ரேமில் குடைக்காரி விளிம்பைத் தொடும் தூரத்துக்கு வருவாள். எங்கிருந்து விழுந்தாலும் ஆட்டக்காரர்கள் அந்த ஒரே பாதையில்தான் கொண்டுவருகிறார்கள். இரண்டு நொடியும் அதற்குமேல் ஒரு சிட்டிகையும். நிறுத்துகடிகாரத்தோடு வாழ்ந்தவனுக்கு அது மணிக்கட்டில் இருக்கிறது.

திங்கள் மதியம். சாப்பாட்டு மேசை. நசீமாவும் இருந்தார், அலுவலக மடிக்கணினியை ஒப்படைக்க வந்தவர், பொறுப்பாளர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் முதலாளியிடம் போய், "ஓர் ஆட்டம் போடலாமா?" என்றேன்.

அவர் மகிழ்ந்துபோனார். "சார் ஆடறாராம்! எல்லாரும் வாங்க!" நான் மேசையில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அவர் வழக்கம்போல் குடைக்காரியை எடுத்தார். நான் கிரைண்டரக்காவை எடுத்ததும், "சார், அதை லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சே, மறந்துட்டீங்களா?" என்றார்.

"கடைசியா ஒரு தடவை."

முதல் உயிர் எனக்குப் போயிற்று. அதில் வியப்பில்லை. பிறகு குழவி ஒன்று சரியாகப் பட்டு, குடைக்காரி வெளியே பறந்தாள். குடை விரிந்தது. முதலாளி ஒரு கையால் அப்பளத்தை எடுத்தார். நான் விளிம்புக்குப் போய் நின்றேன். எண்ணினேன். அடித்தேன்.

குடைக்காரி மேம்பாலத்துக்குக் கீழே போனாள்.

மேசையில் மென்றுகொண்டிருந்த சத்தம் நின்றது. "சார்?" என்றார் முதலாளி.

"வெளிய இருக்கீங்க சார்" என்றேன்.

இரண்டாவது முறையும் அதே இடம், அதே எண். அதற்குள் எனக்கும் இன்னோர் உயிர் போயிருந்தது. மூன்றாவது முறை அவர் அப்பளத்தை வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஆடினார். பாதையை மாற்றிப் பார்த்தார், குடையைச் சீக்கிரம் மடக்கிப் பார்த்தார். மிதப்பவருக்கு ஒளிய இடமில்லை. அடித்தேன். எங்கள் தலைமைச் சோதனையாளர் சாம்பார் பாத்திரத்தை மெல்ல இழுத்து அடுத்த மேசையில் வைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். நெருக்கடியில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அறிந்தவர்.

கன்ட்ரோலர் பறக்கவில்லை. முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு" என்றார். ஆடினோம். தோற்றார். "இப்ப பாத்திரத்தை மாத்திக்கலாம்" என்றார். குடைக்காரியோடு நான் ஒன்றரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. நான் விழுந்து மிதந்தபோது விளிம்பில் நின்று அவர் அடித்தார். அடிக்கும் முன் ஒரு கணம் தயங்கினார், பழக்க தோஷம். பிறகு அடித்தார்.

அப்போதுதான் வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்து வைத்தேன். மூன்று நிமிடம் படித்தார்.

"நாம இங்க யாரும்..." என்று தொடங்கினார்.

"யாரும் இல்ல சார்" என்றார் தலைமைச் சோதனையாளர். "மூணு வருஷமா."

முதலாளி எழுந்து பலகைக்குப் போனார். எட்டுப் பெயர்களில் முதல் பெயர் குடைக்காரி. துடைப்பானை எடுக்காமல் உள்ளங்கையாலேயே அழித்தார். அந்த இடத்தில் கிரைண்டரக்கா என்று எழுதினார். சொந்தப் பிள்ளையைப் பெஞ்சில் ஏற்றிய தகப்பனுக்கு உள்ள நிதானம் அவரிடம் இருந்தது. அதுவரை அவரைப் பற்றி நான் நினைத்திருந்தவற்றில் மூன்றைக் கழித்துக்கொண்டேன். பிறகு நசீமாவைப் பார்த்து, "நீங்க இருங்க. கான்ட்ராக்ட் நான் பேசிக்கறேன்" என்றார்.

எல்லோரும் மலர்ந்தார்கள். நசீமா மலரவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"புதன்கிழமையிலேர்ந்து நான் வெளியதான் சார் இருந்தேன்" என்றார். "யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. டீ வேணுமான்னுகூடக் கேக்கல. நானா ஏறி வந்தா வரட்டும்னு எல்லாரும் தள்ளி நின்னீங்க."

யாரும் பேசவில்லை. அதாவது, மறுபடியும் அதையே செய்தார்கள்.

எனக்கு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஆறு அடி. போனேன். "அந்த 'நீக்கலாம்' நான் எழுதினது" என்றேன்.

"தெரியும் சார். உங்க கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். புள்ளி வெக்கறப்ப பேப்பரே ஓட்டையாகும்."

"தப்பா எழுதினேன்."

"நம்பர் தப்பா?"

"நம்பர் சரி. அதை வெச்சு நான் எழுதினது தப்பு. உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும், ஏன் இவ்வளவு வேகமா விழ வெச்சீங்கன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க சாச்சி, அம்மாவோட தங்கச்சி, மாவுக்கடை வெச்சிருக்காங்க சார். குழவி கை நழுவினா எட்டிப் பிடிக்க மாட்டாங்க. அது கீழ போற வேகத்துக்கு அவங்களும் குனிஞ்சு, அடியில கைகொடுத்து ஒரே தூக்கா தூக்குவாங்க. எட்டிப் பிடிச்சா தோள்பட்டை போய்டும். அதான்." சற்று நிறுத்திவிட்டு, "மீட்டிங்லயே சொன்னேன். யாரும் எழுதிக்கல" என்றார்.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நான்கு மணி நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். யார் எத்தனை முறை பேசினார்கள் என்றுகூட.

ஜிப் திறந்த சத்தம் கேட்டது. மடிக்கணினியை மேசையில் வைத்தார், சார்ஜரைச் செருகினார். திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "மேல ஏறும்போது எத்தன ஃப்ரேம் சார் அடி விழ வாய்ப்பு இருக்கு?"

"பதினேழு."

"பதினாலாக்கறேன்."

தலைமைச் சோதனையாளர், "பதினாலுக்குக் கீழ போகக் கூடாது நசீமா, அப்புறம் இவங்களை யாராலயும் வீழ்த்த முடியாது" என்றார். சரி என்றார் நசீமா.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வெளியே இருப்பவரை அடிக்கலாம். நீங்களும் அடிவாங்குவீர்கள். சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள். அட்டவணையில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். "எதிரில் இருந்தவர்" என்று ஒரு பத்தி சேர்த்தேன். "குறிப்பு" என்ற பத்தியை எடுத்துவிட்டேன். அதை மறுபடி சேர்க்கலாமா என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள்; எப்போதும் ஒருவர் கேட்பார். கூடாது. எழுதத் தோன்றும் சொல்லை அந்தப் பாத்திரத்தைச் செய்தவரிடம் எழுந்து போய் வாயால் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதி வழியில் திரும்பிவிடுவீர்கள்.

மறுநாள் காலை புதிய பதிப்பு வந்ததும் எண்ணினேன். பதினாலு இல்லை. பதின்மூன்று. மறுபடி எண்ணினேன், நாற்பது முறை. நாற்பது முறையும் பதின்மூன்று. நான்கு மேசை தள்ளி நசீமா முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று மேசையில் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

அட்டவணையில் பதினாலு என்று எழுதினேன்.

நாற்பதாண்டை நெருங்கும் என் எண்ணும் வாழ்க்கையில் தெரிந்தே எழுதிய தவறான எண் அது ஒன்றுதான். உங்களில் கண் கூர்மையான யாராவது என்றாவது ஒருநாள் எண்ணிக் கண்டுபிடிப்பீர்கள். பாராட்டுகள். திருத்த வேண்டாம்.